பலகை கேட்ட செக்கரியா



கரையோரப் பாதையில் ரயில் போகும்போது நம் ஆலயத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வாசகம் வாசிப்பவர் ஒரு கணம் நிறுத்துவார். பழக்கப்பட்டவர் என்றால் ஒலிவாங்கிக்குக் கிட்டப் போய்க் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார். கடைசி வாங்கில் இருக்கும் அம்மம்மாவுக்கும் இறைவார்த்தை தப்பாமல் போய்ச் சேரவேண்டும் என்றுதான் இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி பூட்டியிருக்கிறோம். அதற்குப் பணம் தந்தவர்கள் நீங்கள். முன் வாங்கில் இருப்பவருக்கு ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கும். ஆனாலும் "பின்னால் இருப்பவர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?" என்று ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. எல்லோரும் ஒரே வீட்டில் கூடியிருக்கிறோம், எல்லோருக்கும் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

இன்று திருமுழுக்கு யோவானின் பிறப்புப் பெருவிழா. நற்செய்தியில் ஒரு பெயர் வைக்கும் வீட்டைப் பார்த்தோம். குழந்தை பிறந்து எட்டாம் நாள். உறவினரும் அயலவரும் கூடிவிட்டார்கள். நம் வீடுகளில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது: பெற்றவர்கள் வாய் திறப்பதற்கு முன் வந்தவர்கள் பெயரை முடிவுசெய்துவிடுகிறார்கள். தகப்பனின் பெயரையே பிள்ளைக்கும் வைப்போம் என்கிறார்கள். எலிசபெத்து மறுத்து, யோவான் என்கிறாள். உங்கள் சொந்தத்தில் அப்படி யாருக்கும் பெயர் இல்லையே என்று அவளோடு வாதாடுகிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் மூலையில் இருக்கும் தகப்பனின் ஞாபகம் அவர்களுக்கு வருகிறது.

செக்கரியா பேச முடியாமல் இருந்து ஒன்பது மாதம் கடந்துவிட்டது. அவரிடம் சைகை காட்டிக் கேட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்தார்களோ, என்னவோ! பார்வையில்லாதவரைக் கண்டால் நாமும் தேவையில்லாமல் சத்தம்போட்டுக் கதைக்கிறோமே, அந்தப் பழக்கம் பழையதுதான் போலிருக்கிறது. அவரோ கோபப்படவில்லை. எழுதுபலகை ஒன்று கேட்டார். அக்காலத்துப் பலகை மரத்தில் மெழுகு பூசியது. கூரான ஆணியால் கீறி எழுதுவார்கள். யாரோ ஒருவர் எழுந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்த ஆளின் பெயர் நற்செய்தியில் இல்லை.

செக்கரியா எழுதினார். அவர் எழுதிய பிறகுதான் நா கட்டவிழ்ந்தது. அன்பானவர்களே, இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆண்டவர் நினைத்திருந்தால் அன்று காலையிலேயே அவருக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பலகைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் அயல்வீட்டுக்காரர் ஒருவர் பலகையை எடுத்து வரும்வரை அற்புதம் காத்திருந்தது. லூக்கா ஒரு மருத்துவர் என்று நம் மரபு சொல்கிறது. இப்படியான சின்னக் காரியத்தைக் கண்டு எழுதிவைக்க அந்தக் கண் வேண்டும்.

நம் மத்தியில் பலகை கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார்? நாம் அவர்களுக்குக் கொடுப்பது பலகையா, சைகையா?

இந்தக் கல்கிசையிலிருந்து அடுத்த ரயில் நிலையம் இரத்மலானை. அங்கே பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்காக இருக்கும் பாடசாலையின் தொடக்கம் 1912ஆம் ஆண்டு. மேரி சாப்மன் என்ற அங்கிலிக்கன் மறைப்பணியாளர்தான் இந்த நாட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் கல்வியின் கதவை முதலில் திறந்தவர். அந்த நாளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று நினைத்தவர்களே குறைவு. பிறகு 1956இல் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே படிப்பதற்கு யாழ்ப்பாணத்தில், கைதடியில், நவீல்ட் பாடசாலை வந்தது. கடல் கடந்து வந்த ஒரு பெண் இந்த மண்ணின் பிள்ளைகளிடம் கண்ட ஆற்றலை, கூடப் பிறந்தவர்களே பல வேளை காணாமல் இருந்திருக்கிறார்கள்.

நாம் நல்லவர்கள். இரக்கம் இல்லாதவர்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அப்பாவின் நினைவுநாளுக்கும் இப்படியான பிள்ளைகள் இருக்கும் இல்லங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அங்கே போனால் என்ன செய்கிறோம்? சாப்பாட்டுப் பார்சலைக் கொடுக்கிறோம், பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள், படம் எடுக்கிறோம், கண்ணைத் துடைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறுகிறோம். என்ன படிக்கிறாய் மகனே, எந்தப் பாடம் கஷ்டம், எந்தப் புத்தகம் உனக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? எரிக்கோ வீதியில் பர்த்திமேயு கத்திக் கூப்பிட்டபோது கூட்டம் அவனை அதட்டியது. இயேசுவோ நின்று, தான் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். பார்வையில்லாத ஒருவனுக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே தெரியாதா? தெரியும். இருந்தும் கேட்டார். அவன் வாயால் சொல்லவேண்டும் என்று விரும்பினார். அந்த மரியாதையை நாம் சாப்பாட்டுப் பார்சலோடு சேர்த்துக் கொடுக்கிறோமா?

நம் பங்கிலே தரம் பத்து படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில்தான் படிக்கிறாள். பெயர் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. இதைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறாள். அவள் எழுதுவதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு தடித்த தாள். மேல்தகட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக வெட்டியிருக்கும். எழுத்தாணியின் குமிழ் உள்ளங்கைக்குள் அடங்கியிருக்க, ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிகளில் வேண்டியதை மட்டும் குத்துகிறாள். குத்தும் புள்ளி தாளின் மறுபக்கத்தில் எழும்பும். ஆகையால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப்போட்டு எழுதவேண்டும். தாளைப் புரட்டினால் இடமிருந்து வலமாக விரல் வாசிக்கும். நம் 'க' எழுத்துக்கும் ஆங்கிலத்துக் 'கே' எழுத்துக்கும் அங்கே ஒரே புள்ளிகள்தான் என்று சொல்லித் தந்தாள். அவள் ஒரு வரி முடிப்பதற்குள் என்னால் இரண்டு வரி எழுதிவிட முடியும். ஆனால் அவள் எழுதியதில் ஒரு பிழைகூட இல்லை.

கஷ்டம் இதில்தானா என்று கேட்டேன். இல்லை ஃபாதர், வட்ஸ்அப்தான் பெரிய கஷ்டம் என்றாள்.

கொஞ்சம் விளக்குகிறேன், வயதானவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்துப் போனிலும் கணினியிலும் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் வசதி இருக்கிறது. போனில் அது ஏற்கெனவே உள்ளேயே இருக்கும். அமைப்பில் போய்த் திறந்துவிட்டால் போதும். கணினிக்கு என்.வி.டி.ஏ. என்று ஒரு மென்பொருள். மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் அதை 2006இல் தொடங்கினார்; ஜேம்ஸ் டே என்ற நண்பர் வந்து சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அதுவரை இப்படியான மென்பொருளின் விலை ஒரு கணினியின் விலையையும் தாண்டிப் போகும். அவர்கள் இலவசமாகவே கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். தமிழும் வாசிக்கும். அந்தக் குரல் நமக்கு முதலில் மரக்குரலாகத்தான் கேட்கும். பழகிய பிள்ளைகளோ நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டு, தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அது எழுத்தைத்தான் வாசிக்கும். ரீச்சர் கரும்பலகையைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டால், போன் "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடும். முப்பத்தைந்து பிள்ளைகளுக்குக் குறிப்பு. இவளுக்கு ஒரு சொல். தட்டச்சு செய்த குறிப்பு வந்தாலும் தப்பவில்லை. நம் நாட்டில் தமிழ் அடிப்பவர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு உள்ளே அது வெறும் ஆங்கில எழுத்து; மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. 'அன்பு' என்று நீங்கள் பாமினியில் அடித்தால் உள்ளே இருப்பது எம், டி, ஒரு அரைப்புள்ளி, ஜி. அந்த மகளின் கணினி அவளுக்கு அதைத்தான் வாசித்துக் காட்டும். யுனிகோடில் அடித்தால் அன்பு அன்பாகவே போய்ச் சேரும். செலவு ஒரு சதமும் இல்லை. நம் பங்குச் செய்தி மடல் எந்த எழுத்துருவில் வருகிறது என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மறைக்கல்வி வகுப்புக் குறிப்புகளையும் பாருங்கள்.

பிரியமானவர்களே, கருவி என்றதும் பெரிய இயந்திரம், பெரிய செலவு, அரசாங்கம் செய்யவேண்டிய வேலை என்று நினைத்துவிடுகிறோம். அப்படியானவையும் உண்டு, தேவைதான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் சேர்த்து அனுப்பிய கருவி, பழுதாகிவிடும் என்ற பயத்தில் அலுமாரியில் பூட்டப்பட்டு, திறக்காமலே பழுதாகிய கதைகளையும் நான் கேட்டிருக்கிறேன். தாலந்தை மண்ணில் புதைத்த பணியாளனை நினைத்துக்கொண்டேன். அவனும் பயந்துதான் புதைத்தான். ஒரு கருவி பாடசாலைக்கு வந்தால் கூடவே அதைப் பழக்கிவிட ஒரு மனிதர் வேண்டும், பிள்ளை தடுமாறும் நாட்களில் பொறுத்திருக்க ஒரு ரீச்சர் வேண்டும்.

ஆறு புள்ளி எழுத்தைத் தந்த லூயி பிரெய்லின் கதையில் ஒரு பங்குத்தந்தை இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1809இல் பிரான்சின் கூப்வ்ரே என்ற சிற்றூரில் பிறந்த பிள்ளை. அப்பா குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் குத்தும் ஊசியோடு விளையாடிக் கண்ணைக் காயப்படுத்திக்கொண்டான். பிறகு இரண்டு கண்ணும் போயிற்று. அந்த ஊருக்கு வந்த பாலுயி என்ற குருவானவர் அவனைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதோடு நிற்காமல் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் பேசி, மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் இருக்க இடம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் குருவுக்குப் பிரெய்ல் தெரியாது. அப்போது அப்படி ஒன்று இருக்கவேயில்லை. பிள்ளை வகுப்பறைக்கு வெளியே நிற்கக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. பத்து வயதில் பாரிஸ் போன அந்தப் பையன், பதினைந்து வயதில், 1824இல், அந்த எழுத்து முறையை உருவாக்கினான். பிறகு பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் வாசித்துத் திருவழிபாட்டுக்குப் பணி செய்தார். அவர் கண்ட எழுத்தைப் பிரான்ஸ் அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நல்ல காரியங்களுக்கு அலுவலகங்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் கையெழுத்துப் போடும், அன்றும் இன்றும்.

நம் நாட்டுச் சட்டமும் இதைச் சொல்கிறது. உடற்குறையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதே வருடம் மராகேஷ் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. அதன்படி பார்வையற்றவருக்காக ஒரு புத்தகத்தைப் பிரெய்லிலோ ஒலியிலோ மாற்றிக் கொடுக்கப் பதிப்புரிமை தடையாக நிற்கக்கூடாது. பெற்றோர்களே, இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள். அதிபரின் அறைக்குள் தலைகுனிந்து பிச்சை கேட்பதுபோல் போகவேண்டாம். உங்கள் பிள்ளைக்கு உரியதைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

மற்றப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பரீட்சையில் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறார்களே, எழுத ஆள் கொடுக்கிறார்களே, அது நியாயமா என்று ரியூசன் வாசலில் கதைப்பது என் காதுக்கும் வருகிறது. புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஒரு புள்ளி குறைந்தாலும் வீட்டில் அன்று சோறு இறங்காது. ஆனாலும் ஒருமுறை அந்த எழுத்தாணியைக் கையில் வாங்கி உங்கள் பெயரைக் குத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்தக் கேள்வி மனதில் இருந்தால் என்னிடம் வாருங்கள், இருந்து பேசுவோம்.

கண்ணைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். காது சரியாகக் கேளாத பிள்ளைக்கு ரீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் நடத்தினால் பாதிப் பாடம் போயிற்று. உதடு தெரியவேண்டும், காட்டும் காணொளியில் கீழே எழுத்து ஓடவேண்டும். இன்னும் சில பிள்ளைகளுக்குக் கண்ணும் காதும் நன்றாக இருக்கும். எழுத்துகள் மட்டும் கொப்பியில் ஒழுங்காக நிற்காது. வாயால் கேட்டால் டக்கென்று பதில் வரும். வாசிக்கச் சொன்னால் திக்கும். இவர்களை நாம் 'மொக்கு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இந்த வாங்குகளிலும் இருக்கிறீர்கள். நாற்பது வயதிலும் ஆலயத்தில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்குகிறீர்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. நீங்கள் மொக்கு இல்லை. உங்களுக்கு அன்று ஒருவர் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருந்தால், இன்று கணினி செய்வதைப்போல் வாசிக்கும் சொல்லை நிறம் போட்டுக் காட்டியிருந்தால், கதை வேறாக இருந்திருக்கும். ஆண்டவர் உங்களை எந்தப் புள்ளிப் பட்டியலிலும் வைத்துப் பார்க்கவில்லை. மோசேயும் தனக்கு நாவு திக்கும் என்று சாக்குச் சொன்னவர்தான். ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பிவிடவில்லை, பேசுவதற்கு ஆரோனைக் கூட அனுப்பினார்.

இப்படியான பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரே, உங்களிடம் மெதுவாக ஒன்று சொல்லவேண்டும். வானதூதரின் சொல்லை நம்பாததால்தான் செக்கரியா பேச்சிழந்தார் என்பது நினைவுக்கு வந்தபோது உங்களில் சிலருக்கு நெஞ்சு சுருக்கென்றிருக்கும். அப்படியானால் என் பிள்ளைக்கு இது யார் செய்த பாவத்துக்கு என்ற கேள்வி வந்திருக்கும். மாமியார் வீட்டில் யாராவது அதை வாய்விட்டே சொல்லியும் இருப்பார்கள். பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் காட்டிச் சீடர்கள் இதே கேள்வியை இயேசுவிடம் கேட்டார்கள். அவன் செய்த பாவமும் இல்லை, பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆண்டவரே முடித்துவைத்த கேள்வியை வேறு யாரும் உங்கள்மேல் திறக்க இடம் கொடாதீர்கள். செக்கரியாவின் கதையிலும் பாருங்கள்: காரணம் எதுவாக இருந்தாலும், பலகை கேட்டபோது ஏன் பேச்சுப் போயிற்று, யார் குற்றம் என்று விசாரித்துவிட்டு யாரும் பலகை கொடுக்கவில்லை. கேட்டார், கொடுத்தார்கள். இறைவனின் இரக்கம் அப்படித்தான் வேலை செய்கிறது.

குணம் வேண்டி மன்றாடுவதையும் விடவேண்டாம். கொட்டாஞ்சேனைப் பேராலயத்துக்குப் போய்ப் புனித லூசியாவிடம் நேர்த்தி வைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். டிசம்பர் 13ஆம் திகதி நானும் உங்களோடு வருகிறேன். ஆனால் நேர்த்திக்குப் பதில் வரும்வரை பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடாது. இந்தக் கிழமைப் பாடத்துக்கு இந்தக் கிழமையே அவள் கையில் புத்தகம் இருக்கவேண்டும்.

ஆசிரியர்களாக இருப்பவர்களே, ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மேலிடத்துப் படிவங்களையும் நிரப்பிக்கொண்டு நீங்கள் களைத்துப்போவதை நான் அறிவேன். எல்லாவற்றையும் இன்றே மாற்றச் சொல்லி உங்கள் தோளில் இன்னொரு சுமை ஏற்ற வரவில்லை. படமாகப் போடும் குறிப்பை எழுத்தாகப் போடுங்கள். கரும்பலகையில் எழுதுவதை எழுதும்போதே வாயால் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மகளை, வகுப்பில் கதைக்கிறாள் என்று எழுப்பி விடாதீர்கள். மற்றதற்குப் பங்காக நாங்கள் கூட நிற்போம்.

திருப்பலி முடிந்ததும் இளையோர் மன்றத்தினர் ஐந்து நிமிடம் பங்கு மண்டபத்தில் கூடுங்கள். மறைக்கல்விக் குறிப்புகளை யுனிகோடில் திரும்ப அடிக்க வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த நாலைந்து பேர் வேண்டும். தமிழ்ப் பாடப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்ய நல்ல குரலும் பொறுமையும் உள்ளவர்கள் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பெயர் தந்தால் எனக்கு மெத்தச் சந்தோசம். என்ன புத்தகம் முதலில் என்பதை நாம் தீர்மானிக்கப்போவதில்லை. அந்தத் தரம் பத்து மகளும் வருகிறாள், அவள் சொல்வாள்.

இப்போது விசுவாச அறிக்கையைச் சொல்வோம். எழுந்து நிற்க முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். மற்றவர்கள் இருந்தபடியே சொல்லுங்கள்.